கொங்கணாபுரம் சனிச்சந்தைக்குச் செல்வோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சேலத்துக்கு மேற்கே, எடப்பாடியை அடுத்த கொங்கணாபுரத்தில் சனிக்கிழமைதோறும் கூடும் ஆட்டுச்சந்தைக்கு எப்படிப் போவது என்று நண்பர்கள் கேட்டால், நான் வழிக்கு முன்பாக நேரத்தைத்தான் சொல்வேன். விடுமுறை நாள்தானே என்று நிதானமாகக் கிளம்பி, உச்சிப்பொழுதை ஒட்டிப் போய்ச் சேர்வதே வெளியூர்க்காரர் செய்யும் முதல் தவறு. பொழுது விடியும் வேளையிலேயே பேரம் சூடுபிடித்துவிடுகிறது. வெயில் ஏறுவதற்குள் நல்ல உருப்படிகளெல்லாம் வண்டியேறிவிடுகின்றன. நான் முதன்முறை போனபோது மணி பதினொன்றாகியிருந்தது. அறுந்த கயிறுகளையும் புழுக்கையையும் மிதிபட்ட வேலாந்தழையையும் பார்த்துவிட்டுத் திரும்பினேன்.

அடுத்த தவறு, ஊரின் பழமையைச் சந்தையின் மேல் ஏற்றிப் பேசுவது. ஓமலூரிலிருந்து தாரமங்கலம் வழியாகச் சங்ககிரிக்குச் செல்லும் சாலையில் இந்த ஊர் இருக்கிறது. தகடூர் எனப்பட்ட தருமபுரிப் பக்கத்திலிருந்து தொப்பூர்க் கணவாயைக் கடந்து காவிரிக்கரைக்கும் கருவூருக்கும் இறங்கும் நிலப்பரப்பு இது. சேலம் மாவட்டத்துக் கோனேரிப்பட்டியில் 1987ஆம் ஆண்டு ரோமானிய வெள்ளிக் காசுகள் கிடைத்திருக்கின்றன. அதற்காக, இன்று நாம் பார்க்கும் சந்தையே இரண்டாயிரம் ஆண்டுப் பழமையுடையது என்று உடன்வந்த பிள்ளைகளுக்குச் சொல்வது முறையன்று. பழைமைக்குச் சான்று இருப்பது வழிக்கு. தருமபுரியை அடுத்த அதியமான்கோட்டைப் பக்கம் கிடைத்த காதக்கல் (காதம் என்னும் பழைய அளவில் தொலைவைக் காட்டும் வழிக்கல்) ஒன்று, ‘அதியமான் பெருவழி’ என்று பெயர் குறித்து, நாவல் தாவளத்துக்கு 29 காதம் என்று அறிவிக்கிறது. தாவளம் என்பது வணிகர் சரக்கோடு தங்குமிடம். எழுத்தறியாதவரும் தொலைவை அறிய வேண்டும் என்பதற்காக, அந்தக் கல்லில் பத்துக்கொன்றாக இரண்டு பெரிய குழிகளும், ஒன்றுக்கொன்றாக ஒன்பது சிறு குழிகளும் வெட்டியிருக்கிறார்கள். விரலால் தடவியே எண்ணைப் படித்துக்கொள்ளலாம். இந்தச் செய்தியைத் தெரிந்துகொண்டு சந்தைக்குள் நுழைகிறவருக்கு, அங்கே நடக்கும் விலைபேச்சு வேறுவிதமாகப் புலப்படும் என்பது என் எண்ணம்.

ஏனெனில் நம் பக்கத்து ஆட்டு, மாட்டுச் சந்தைகளில் வாய்திறந்து விலை சொல்லாமல், தோள்துண்டை விரித்து, அதன் மறைவில் ஒருவர் விரலை மற்றவர் பற்றிப் பேரம் பேசும் வழக்கம் நெடுங்காலமாக இருந்து வருகிறது. எந்த விரல் எத்தனையைக் குறிக்கிறது என்பது பிடித்தவருக்கும் பிடிபட்டவருக்கும் மட்டுமே தெரியும். பக்கத்தில் நிற்கும் அடுத்த வியாபாரிக்குத் தெரியாமல் இருப்பதுதான் அதன் பயன். இப்படி இருவர் துண்டுக்குள் கைவைத்து நிற்கும்போது அருகில் போய்க் கைப்பேசியை நீட்டிப் படமெடுப்பதும், ‘எவ்வளவுக்கு முடிந்தது?’ என்று கேட்பதும் பெரும்பிழை. பேரம் கலைந்தால் இழப்பு விற்கிறவருக்கு. ஆறு மாதம் மேய்த்து வளர்த்த கிடாய் அன்றைக்குப் போகாவிட்டால், கொண்டுவந்த வண்டிவாடகையைத் திரும்பவும் கொடுத்து அதை வீட்டுக்கு ஓட்டிச் செல்ல வேண்டியவர் அவர். படம் வேண்டுமானால் பேரம் முடிந்து பணம் எண்ணி வாங்கிய பிறகு, ‘ஏனுங்க, ஒரு படம் எடுத்துக்கட்டுங்களா?’ என்று கேளுங்கள், பெரும்பாலும் மறுக்கமாட்டார்கள். வயதில் இளையவர் என்று எண்ணி ஆட்டுக்காரப் பையனை ஒருமையில் அழைப்பதையும் தவிர்க்க வேண்டும். இங்கே சிறுவரிடமும் ‘வாங்க, போங்க’ என்றுதான் பேசுவார்கள்.

வாங்கும் எண்ணமில்லாமல் விளையாட்டாக விலை கேட்பதும் இதே வகைத் தவறுதான்.

செம்மறியையும் வெள்ளாட்டையும் பிரித்தறியாமல் பேசத் தொடங்குவது, ஏமாறுவதற்கு நாமே வாசலைத் திறந்து வைப்பதாகும். இப்பகுதிக்கே உரிய மேச்சேரிச் செம்மறி வெளிர்பழுப்பு நிறமும், கம்பளியில்லாத குட்டைமயிரும், கொம்பில்லாத தலையும் உடையது. ஆகவே பழக்கமில்லாத கண்ணுக்கு வெள்ளாடு போலவே தோன்றும். வாலைப் பார்த்தால் போதும்: வெள்ளாட்டின் வால் மேல்நோக்கி நிற்கும், செம்மறியின் வால் கீழே தொங்கும். கருகருவென்று உயரமாக நிற்பது பெரும்பாலும் சேலம் கருப்பு என்னும் வெள்ளாட்டினம். வயதறிய வாயைப் பிரித்துப் பல் பார்ப்பார்கள்; பல் போடாதது, இரண்டு பல், நான்கு பல் என்று சொல்வதெல்லாம் வயதுக்கணக்கே. ஆனால் உரிமையாளரைக் கேட்காமல் நீங்களாக ஆட்டின் வாயில் கைவைக்கக்கூடாது.

தீபாவளிக்கும் பக்ரீத்துக்கும் முந்தைய வாரங்களில் கூட்டமும் விலையும் ஏறிவிடும். வேடிக்கை பார்க்க மட்டும் வருகிறவர்கள், சிறு குழந்தைகளோடு அந்த நாள்களில் வராமலிருப்பது எல்லோருக்கும் நல்லது.

கடைசியாக நான் மனம் நொந்து பார்த்த ஒன்று. குழந்தை அடம்பிடிக்கிறது என்பதற்காகப் பால்குடி மறக்காத குட்டியைக் கையில் தூக்கிக்கொண்டு நகரத்து வீட்டுக்குப் போகிறார்கள். தாயைப் பிரிந்த குட்டி தீனி எடுக்காமல் சில நாளிலேயே துவண்டுவிடும். குட்டி வாங்கியே ஆக வேண்டுமென்றால், தழை கடிக்கிறதா என்று கேட்டு, உங்கள் கண்ணெதிரே ஒரு கொத்து அகத்தியைக் காட்டி, அது தின்பதைப் பார்த்த பிறகே பணத்தை எடுங்கள்.