ஸ்டார் வார்ஸ்: வாதத்திலும் பொம்மையிலும் சறுக்கும் இடங்கள்

ஸ்டார் வார்ஸ் என்ற விண்வெளிப் படத்தொடர் பற்றி இரண்டு பேர் மணிக்கணக்கில் மல்லுக்கட்டினால், பெரும்பாலும் அவர்கள் பார்த்தது ஒரே படமாக இருக்காது. 1977 மே 25 அன்று வெளியான முதல் படத்தில் அதற்கப்புறம் பல முறை கைவைத்துவிட்டார்கள். பொம்மைகளும் அப்படித்தான். ஒரே பாத்திரம், ஒரே பெயர், ஆனால் மூன்று நான்கு வடிவங்கள். அதனால் வாதத்தில் இறங்குபவரும் பழைய பொம்மை வாங்குபவரும் முதலில் கேட்க வேண்டியது ஒன்றுதான்: இது எந்த வருஷத்துச் சரக்கு? அதைக் கேட்காமல் விடுவதால் வரும் தவறுகளே இங்கே முக்கால்வாசி.

யார் முதலில் சுட்டது?

மதுக்கடையில் கடத்தல்காரன் ஹான் சோலோவின் எதிரே, அவனைப் பிடிக்க வந்த கூலி வேட்டைக்காரன் கிரீடோ துப்பாக்கியை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். 1977 படத்தில் ஹான் பேசிக்கொண்டே மேசைக்கு அடியில் தன் துப்பாக்கியை உருவிச் சுட்டுவிடுகிறான். கிரீடோ சுடவே இல்லை. 1997-ல் வந்த சிறப்புப் பதிப்பில் கிரீடோ முதலில் சுடுகிறான். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்துகொண்டே குறி தவறுகிறான். ஹான் திருப்பிச் சுடுகிறான். 2004 டிவிடியில் இரண்டு குண்டும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் பாய்கின்றன. 2019-ல் டிஸ்னி பிளஸ்ஸில் வந்தபோது, சாவதற்கு முன் கிரீடோ ஒரு புது வார்த்தை வேறு சொல்கிறான்.

"ஹான்தான் முதலில் சுட்டான்" என்று டீ-ஷர்ட்டே வந்துவிட்டது. கறாராகப் பார்த்தால் அதுவும் சரியில்லை. 1977 படத்தில் சுட்டது ஒருவன் மட்டும்தான், அதில் முதல் என்ன, இரண்டாவது என்ன? ஆனால் 1997-க்குப் பிறகு பிறந்த ஒருவர் "கிரீடோ சுடுகிறானே, நானே பார்த்தேன்" என்றால் அவரைப் பொய்யர் என்று விரட்டக் கூடாது. அவர் உண்மையிலேயே பார்த்திருக்கிறார். பழைய வடிவம் கடைசியாக முறையாக விற்பனைக்கு வந்தது 2006-ல், டிவிடியோடு சேர்ந்த கூடுதல் தட்டாக. அதுவும் டிவிடிக்கு முந்தைய பெரிய வட்டான லேசர்டிஸ்க்குக்காக 1993-ல் தயாரித்த பிரதியிலிருந்து எடுத்தது. மங்கலாகத்தான் இருக்கும். 2025 ஜூனில் லண்டனில் பிரிட்டிஷ் திரைப்படக் கழகம் 1977-ன் அசல் பிரிண்ட்டைத் திரையில் ஓட்டியபோது அதைச் செய்தியாகவே எழுதினார்கள். நிலைமை அப்படி.

இதே வகைச் சிக்கல் மூன்றாவது படத்தின் கடைசிக் காட்சியிலும் உண்டு. 1983-ல் பார்த்தவருக்கு அங்கே வில்லன் டார்த் வேடரின் ஆவியாக நிற்பவர் நடிகர் செபாஸ்டியன் ஷா. 2004-க்குப் பிறகு பார்த்தவருக்கு ஹேடன் கிறிஸ்டென்சன். இதில் ஒரு வேடிக்கை: பழைய படங்களைத் திருத்துவதை எதிர்த்து 1988-ல் அமெரிக்க நாடாளுமன்றக் குழு முன் போய்ப் பேசியவர்களில், இந்தப் படங்களை உருவாக்கிய ஜார்ஜ் லூகஸும் ஒருவர்.

"எல்லாமே முதலிலேயே திட்டமிட்டது"

இல்லை. இதைச் சொல்பவர்கள் லூகஸைப் பாராட்டுவதாக நினைத்துக்கொண்டு அவர் பட்ட பாட்டை மறைக்கிறார்கள். முதல் படம் வெளியானபோது அதில் நான்காம் பாகம் என்ற வரியே இல்லை. 1980-ல் வந்த அடுத்த படத்தில்தான் ஐந்தாம் பாகம் என்று போட்டார்கள். முதல் படத்துக்கு எண்ணும் துணைத்தலைப்பும் சேர்ந்தது 1981 மறுவெளியீட்டில்.

அந்த இரண்டாவது படத்துக்கு 1978-ல் முதல் வரைவை எழுதியவர் லீ பிராக்கெட். அதில் டார்த் வேடர் ஓர் ஆள், கதாநாயகன் லூக்கின் அப்பா வேறோர் ஆள். அப்பா ஆவியாக வந்து மகனோடு பேசவும் செய்கிறார். லூக்கின் தங்கையும் இளவரசி லேயா இல்லை, வேறொரு பெண். வேடர்தான் அப்பா என்ற திருப்பம் அதற்குப் பிந்தைய வரைவுகளில் பிறந்தது. ஆக, பிற்பாடு அண்ணன் தங்கை என்றான லூக்கும் லேயாவும் முதல் படத்தில் நெருங்கும் காட்சிகளை வைத்து இப்போது முகம் சுளிப்பது எழுதியவர்களுக்கு அன்றே தெரிந்திருந்ததாக எண்ணிக்கொள்வதால்தான்.

இதன் மறுபுறத் தவறு "எந்தத் திட்டமும் இல்லாமல் குருட்டாம்போக்கில் எடுத்தது" என்பது. அதுவும் மிகை. தொழில்நுட்பம் இல்லாத ஒரு கூட்டம் பேரரசை வீழ்த்துவது என்ற எண்ணம் ஆரம்ப வரைவுகளிலேயே இருந்தது. அப்போது அது வூக்கிகள் என்ற நெட்டையான, உடம்பெல்லாம் ரோமம் உள்ள உயிரினங்களின் கதை. 1983-ல் அந்த இடத்தில் வந்து நின்றவை கரடிக்குட்டி போன்ற குள்ளமான ஈவோக்குகள். பொம்மை விற்கத்தான் ஈவோக் வந்தது என்று ஒரே வரியில் தீர்ப்பு எழுதுபவர்கள் இதைக் கணக்கில் எடுப்பதில்லை. பொம்மைக் கணக்கு அறவே இல்லை என்றும் சொல்ல முடியாது. முதல் இரண்டு படங்களின் தயாரிப்பாளர் கேரி கர்ட்ஸே, பிற்காலத்தில் பொம்மை வியாபாரம் கதையை இழுக்கத் தொடங்கியது என்று வெளிப்படையாகச் சொன்னவர்.

எது கணக்கில் வரும், எது வராது

2012-ல் டிஸ்னி லூகஸின் நிறுவனமான லூகஸ்ஃபிலிமை 405 கோடி டாலருக்கு வாங்கியது. 2014 ஏப்ரல் 25 அன்று, அதுவரை வந்த நாவல்கள், காமிக்ஸ், விளையாட்டுகள் எல்லாவற்றையும், இனி அதிகாரபூர்வக் கதையில் சேராது என்று "லெஜண்ட்ஸ்" என்ற தனிக் கூடையில் போட்டார்கள். இதை வைத்து இரண்டு பக்கமும் தவறாகப் பேசுகிறார்கள்.

"அதுவரை எல்லாம் ஒரே கதையாக இருந்தது, டிஸ்னி வந்து உடைத்தது" என்பது முதல் தரப்பு. உண்மையில் அதற்கு முன்பே படிநிலை இருந்தது. லூகஸின் படங்கள் மேலே, தொலைக்காட்சித் தொடர் அடுத்து, புத்தகங்கள் அதற்கும் கீழே. 2008-ல் தொடங்கிய குளோன் வார்ஸ் அனிமேஷன் தொடர், நாவல்கள் பாடுபட்டுக் கட்டிய மாண்டலோர் கிரகத்தை லூகஸ் காலத்திலேயே தலைகீழாக்கியது.

"உன் நாவல்கள் செல்லாது" என்று எகிறுவது இரண்டாம் தரப்பு. 1991-ல் நாவலாசிரியர் திமோதி ஜான் உருவாக்கிய த்ரான் என்ற வில்லன், 2016-ல் அனிமேஷன் தொடரிலும் 2023-ல் நடிகர்களை வைத்து எடுத்த தொடரிலும் திரும்பி வந்துவிட்டான். லெஜண்ட்ஸ் புத்தகங்கள் இன்னும் அச்சாகின்றன. ஒரு கதை நிறுவனத்தின் கணக்கில் வருகிறதா என்பது ஒரு கேள்வி, அது நல்ல கதையா என்பது முற்றிலும் வேறு கேள்வி. இரண்டையும் குழப்பாதவரோடு மட்டும் வாதம் செய்வது உடம்புக்கு நல்லது.

எண்களைத் தூக்கி எறிவதும் அப்படித்தான். 2017-ல் வந்த எட்டாவது பாகத்தை யாருக்குமே பிடிக்கவில்லை என்பார்கள். ரசிகர்கள் யார் வேண்டுமானாலும் பதியக்கூடிய தளத்தில் மதிப்பெண் கீழே கிடந்தது உண்மை. தியேட்டர் வாசலில் சினிமாஸ்கோர் நிறுவனம் எடுத்த கணிப்பில் அதே படத்துக்கு ஏ தரம் கிடைத்ததும் உண்மை. முதலாவது, தேடிப் போய்ப் பதிபவர்களின் குரல். இரண்டாவது, முதல் நாளே டிக்கெட் வாங்கிப் போனவர்களின் குரல். இரண்டும் எல்லோருடைய குரலும் அல்ல.

அப்புறம், பாத்திரத்தின் மேல் உள்ள கோபத்தை நடிகர் மேல் காட்டுவது. ரசிகர்கள் வெறுத்த ஜார் ஜார் என்ற பாத்திரத்தில் நடித்த அகமது பெஸ்ட் தற்கொலையின் விளிம்பு வரை போனதாகப் பிற்பாடு சொன்னார். எட்டாவது பாகத்தில் நடித்த கெல்லி மேரி டிரான் 2018-ல் தன் இன்ஸ்டாகிராம் பதிவுகளையெல்லாம் அழித்துவிட்டு ஒதுங்கினார். இதைத் தவறு என்ற சொல்லில் அடக்கக் கூடாது, அயோக்கியத்தனம்.

பொம்மைப் பக்கம்

லூகஸ் இயக்குநர் சம்பளத்தை ஏற்றிக் கேட்காமல், சரக்கு விற்கும் உரிமையையும் அடுத்த பாகங்களின் உரிமையையும் தன் கையில் வைத்துக்கொண்டார். ஸ்டுடியோவுக்கு அப்போது அது பெரிய விஷயமாகப் படவில்லை. பொம்மை உரிமம் சின்சினாட்டியில் இருந்த கென்னர் நிறுவனத்துக்குப் போனது. படம் ஓடிய வேகத்துக்கு 1977 கிறிஸ்துமஸுக்குள் அவர்களால் பொம்மை செய்து முடிக்க முடியவில்லை. என்ன செய்தார்கள் தெரியுமா? பொம்மையே இல்லாத அட்டை உறையை விற்றார்கள். உள்ளே இருந்த சான்றிதழை அனுப்பி வைத்தால், மறு வருஷம் லூக், லேயா, சூபாக்கா, ஆர்2-டி2 ஆகிய நான்கு பாத்திரங்களின் பொம்மைகளும் தபாலில் வரும். மக்கள் அதையும் வாங்கினார்கள்.

பழைய கென்னர் பொம்மை வாங்குபவர் செய்யும் முதல் தவறு, காலின் பின்புறம் 1977 என்று பொறித்திருப்பதைப் பார்த்து மயங்குவது. அது உரிமை பதிவான ஆண்டு, வார்த்த ஆண்டு அல்ல. முதல் 12 பொம்மைகளில் சில 1985 வரை அதே எண்ணோடு கடைகளில் தொங்கின. வயதைச் சொல்வது பொம்மை ஒட்டி வந்த அட்டைதான். பின்புறம் எத்தனை பொம்மைகளின் படம் இருக்கிறது என்று எண்ணுங்கள். 12 என்றால் ஆரம்பக் காலம், 21 என்றால் போபா ஃபெட் என்ற கவசம் போட்ட கூலி வேட்டைக்காரனின் பொம்மை சேர்ந்த பிறகு, 92 என்றால் கடைசித் தொடர். அட்டை இல்லாத பொம்மையை "1977 அசல்" என்று விற்பவருக்கு விஷயம் தெரியாது. இல்லை, நன்றாகத் தெரிந்திருக்கிறது.

அந்தக் கடைசித் தொடரின் பெயர் பவர் ஆஃப் தி ஃபோர்ஸ். 1995-ல் பொம்மைகளை மறுபடி கொண்டு வந்தபோது அதே பெயரையே வைத்துவிட்டார்கள். 1985 பொம்மையோடு ஓர் உலோக நாணயம் இருக்கும், அது இன்று விலை போகிற சாமான். 1995 தொடரில் ஆரஞ்சு அட்டை, அப்புறம் பச்சை அட்டை. லூக்கும் ஹானும் ஜிம்முக்குப் போய் வந்தவர்கள் மாதிரி மார்பைத் தூக்கிக்கொண்டு நிற்பார்கள். அவை கூடை கூடையாகக் கிடைக்கும். தலைப்பில் பெயரை மட்டும் போட்டு ஆண்டை விட்டுவிடும் விளம்பரத்தைப் பார்த்தால், படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். மார்பே காட்டிக்கொடுத்துவிடும்.

அடுத்தது ஜாவா. மணல் கிரகத்தில் பழைய இரும்பு பொறுக்கும் குட்டி ஆசாமி. முதலில் வந்த ஜாவாவுக்குப் பிளாஸ்டிக் மேலங்கி. சீக்கிரமே அதை விட்டுத் துணி அங்கிக்கு மாறினார்கள். பிளாஸ்டிக் அங்கி ஜாவா இன்று துணி அங்கி ஜாவாவைவிடப் பல மடங்கு விலை. அதனால் சாதாரண ஜாவாவுக்குப் புது அங்கி மாட்டி விற்பது பழைய வித்தை. பென் கெனோபி என்ற வேறொரு பாத்திரப் பொம்மையின் பிளாஸ்டிக் அங்கியை வெட்டி மாட்டுவார்கள், இல்லாவிட்டால் புதிதாகவே செய்வார்கள். நிறம், மேல்பரப்பின் சொரசொரப்பு, கை நுழையும் ஓட்டையின் வெட்டு ஆகிய மூன்றையும் நிச்சயமான அசலின் படத்தோடு வைத்துப் பார்க்க வேண்டும். ஓட்டையின் விளிம்பு கத்தரிக்கோல் பட்டது போல் நெளிந்திருந்தால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். துப்பாக்கி போன்ற சின்னச் சாமான்களைத் தண்ணீரில் போட்டு மிதந்தால் அசல் என்று ஒரு சோதனை சொல்வார்கள். மூழ்கும் அசலும் உண்டு, மிதக்கும் டூப்ளிகேட்டும் உண்டு. அதை மட்டும் நம்பிப் பணம் கட்டாதீர்கள்.

தவறாகச் செய்தது எல்லாம் அபூர்வம் என்பது இன்னொரு மயக்கம். ஸ்னாகிள்டூத் என்ற பாத்திரத்துக்குப் பொம்மை செய்யும்போது கென்னரிடம் சரியான முழு உருவப் படம் இல்லை. நெட்டையாக, நீல உடையும் பூட்ஸும் போட்டுச் செய்துவிட்டார்கள். பாத்திரமோ குள்ளம், உடை சிவப்பு. பிற்பாடு திருத்தினார்கள். நீலம் சியர்ஸ் கடையின் மதுக்கடைத் தொகுப்பில் மட்டும் வந்தது. கதை பிரமாதம், பொம்மையும் நல்ல விலை போகிறது. ஆனால் தேடினால் எப்போதும் யாரிடமாவது இருக்கும். அட்டையில் தனியாக வந்த நீல ஸ்னாகிள்டூத் என்று யாராவது காட்டினால்தான் சந்தேகப்பட வேண்டும், ஏனென்றால் அப்படி அது விற்கப்படவே இல்லை.

போபா ஃபெட்டின் ராக்கெட் இதைவிடப் பெரிய கதை. 1979-ல் அட்டைகளிலிருந்து வெட்டிய நான்கு சீட்டுகளை அனுப்பினால், முதுகிலிருந்து ராக்கெட் பாயும் போபா ஃபெட் வரும் என்று விளம்பரம் செய்தார்கள். அதற்குள் வேறொரு நிறுவனத்தின் விண்கலப் பொம்மையிலிருந்து பாய்ந்த துண்டு தொண்டையில் சிக்கி ஒரு குழந்தை இறந்துபோனது. கென்னர் பின்வாங்கியது. வீடுகளுக்கு வந்ததில் ராக்கெட் நகராதபடி ஒட்டப்பட்டிருந்தது. பாயும் வகை, விற்பனைக்கு முன் சோதனைக்காகச் செய்த மாதிரிப் பொம்மைகளாக மட்டுமே மிஞ்சின. அவற்றில் கையால் வண்ணம் பூசிய ஒன்று 2024-ல் 5,25,000 டாலருக்கு ஏலம் போனது. "சின்ன வயதில் என்னிடம் அது இருந்தது" என்று அமெரிக்காவில் பலர் அடித்துச் சொல்வார்கள். விளம்பரம் நினைவில் பொம்மையாக மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

மாதிரிப் பொம்மை வாங்குகிற அளவுக்குக் கையில் காசு இருந்தால், அது யார் யார் கை மாறி வந்தது என்று கேளுங்கள். கலிஃபோர்னியாவின் ராஞ்சோ ஓபி-வான், ஸ்டீவ் சான்ஸ்வீட்டின் பிரமாண்டச் சேகரிப்பு இருக்கும் இடம். அங்கிருந்து நூற்றுக்கு மேற்பட்ட அரிய பொருட்கள் திருடு போனது 2017-ல் வெளியே தெரிந்தது. அதற்குள் பல விற்கப்பட்டு, அப்பாவிச் சேகரிப்பாளர்கள் கையில் இருந்தன.

பழைய பொம்மை விலை போவதைப் பார்த்துப் புதியதை அடுக்கி வைப்பதுதான் கடைசியும் சகஜமுமான தவறு. 1999 மே 3 நள்ளிரவில் அமெரிக்கக் கடைகளைத் திறந்து வைத்து அந்த வருஷம் வந்த, கதை வரிசைப்படி முதலாம் பாகமான படத்தின் பொம்மைகளை விற்றார்கள். ஆளுக்கு ஒரு பெட்டி என்று அள்ளிப்போய் பிரிக்காமல் பரணில் வைத்தார்கள். 1978 பொம்மை விலை போகக் காரணம், அதைக் குழந்தைகள் பிரித்து, புழுதியில் புரட்டி, தொலைத்ததுதான். எல்லோரும் பத்திரமாக வைத்த பொருளுக்கு யார் அதிகம் கொடுப்பார்கள்? லெகோவிலும் இது நடந்தது. 2007-ல் வந்த 5,195 துண்டு மில்லேனியம் ஃபால்கன் விண்கலம், விற்பனை நின்ற பிறகு தாறுமாறாக ஏறியது. 2017-ல் 7,541 துண்டுகளோடு புதியதையே லெகோ வெளியிட்டதும் பழைய பெட்டியைப் பதுக்கியவர்கள் விலையைக் குறைக்க வேண்டிவந்தது.

விலை பார்க்கும்போது கேட்கும் விலையைப் பார்க்காதீர்கள், விற்று முடிந்த விலையைப் பாருங்கள். வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் தபால் செலவும் சுங்க வரியும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். வந்த பிறகு வெயில் படும் ஜன்னலோரம் வைக்க வேண்டாம், வெள்ளைப் பிளாஸ்டிக் பழுத்துவிடும். பழுத்ததை பெராக்சைடு ஊற்றி வெளுத்தால், விற்கும்போது அதைச் சொல்லித்தான் விற்க வேண்டும். பரணில் 1999 பெட்டி இருந்தால், பேசாமல் பிரித்து வீட்டில் இருக்கும் குழந்தையிடம் கொடுத்துவிடுங்கள்.