ஈயத்தை வைத்து இரண்டு குவாண்டம் கணக்குகள்

திருநெல்வேலியில் பாளையங்கோட்டை, அபிஷேகப்பட்டி பக்கம் எம்.எஸ்சி. இயற்பியல் ப்ராஜெக்டுக்கு ஈயம் அருமையான தேர்வு. எக்செல் போதும்.

முதலில் அணுக்கரு, ஈயம்-208. 41-ஐ நிறை எண்ணின் கனமூலத்தால் வகுங்கள். அதுதான் அலையியற்றி (ஹார்மோனிக் ஆசிலேட்டர்) மட்டங்களின் இடைவெளி, சுமார் 6.9 எம்இவி (மில்லியன் எலக்ட்ரான் வோல்ட்). மட்டங்களை நிரப்பினால் ஒவ்வொரு மட்டமும் நிறையும் துகள் எண்ணிக்கை 2, 8, 20, 40, 70, 112 என வரும். 20-க்கு மேல் இது சோதனையோடு ஒத்துப்போகாது. 1949-இல் மேயரும் யென்சனும் சேர்த்த ஸ்பின்-ஆர்பிட் இணைப்பு (துகளின் தற்சுழற்சிக்கும் சுற்றியக்கத்துக்கும் உள்ள தொடர்பு) இங்கேதான் தேவை. அடுத்த மட்டத்தில் ஜே (மொத்தக் கோண உந்தம்) அதிகமான துணைமட்டம் கீழே இறங்கும்: 40+10=50, 70+12=82, 112+14=126. ஈயத்தின் 82 புரோட்டான், 126 நியூட்ரான் இரண்டும் கிடைத்துவிடும். பலர் தவறுவது குறியில்; அணு எலக்ட்ரானுக்குரிய குறியைப் போட்டால் ஜே குறைந்தது இறங்கி எல்லாம் கெடும்.

அடுத்து ஈயத்தின் (111) முகப்புப் படலம், அதாவது (111) எனும் படிகத் தளத்துக்கு இணையாக அணு அடுக்குகள் அமைந்த மெல்லிய படலம்; எலக்ட்ரான்கள் அதன் தடிமனுக்குள் அடைபட்டிருக்கும். மட்ட எண்ணின் வர்க்கத்தை 0.376-ஆல் பெருக்கி, நானோமீட்டரில் படல அகலத்தின் வர்க்கத்தால் வகுத்தால் ஆற்றல், எலக்ட்ரான் வோல்ட்டில். ஓர் அடுக்கு 0.286 நானோமீட்டர். ஃபெர்மி அரை அலைநீளம் (நிரம்பிய உச்ச மட்டமான ஃபெர்மி மட்டத்து எலக்ட்ரானின் அலைநீளத்தில் பாதி) ஏறக்குறைய 0.2 நானோமீட்டர் என்பதால் இரண்டு அடுக்கில் மூன்று அரையலை கிட்டத்தட்ட அடங்கும். ஒற்றை, இரட்டை அடுக்குகளின் நிலைப்பு மாறி மாறி வருவது அதனால்தான். முடிவிலாச் சுவரை (எலக்ட்ரான் தாண்ட முடியாத எல்லையை) படலத்தின் ஓரத்திலேயே வைக்காதீர்கள், மின்சுமை சமன்படாமல் ஃபெர்மி மட்டம் மேலே போய்விடும். பக்கத்துக்கு 0.075 நானோமீட்டர் வெளியே தள்ளி வையுங்கள்.