‘டேர் டவுன்’: இடிந்ததா, இடித்தார்களா?

1987 ஜூன் 12 அன்று பெர்லினில் பிராண்டன்பர்க் வாயிலின் முன் நின்ற அமெரிக்க அதிபர் ரொனால்ட் ரீகன், சோவியத் தலைவர் கோர்பசேவை நோக்கி ‘டேர் டவுன் திஸ் வால்’ என்றார். இந்தச் சுவரை, அதாவது பெர்லின் சுவரை, இடித்துத் தள்ளுங்கள் என்று பொருள்.

முதலில் ‘டேர்’ (tear) என்ற ஆங்கிலச் சொல்லின் உச்சரிப்பு. கண்ணீரைக் குறிக்கும் சொல்லுக்கும் இதற்கும் எழுத்துகள் ஒன்றே. கண்ணீர் என்றால் ‘டியர்’. கிழிப்பதும் இடிப்பதும் ‘டேர்’. இறந்தகாலம் ‘டோர்’, செயப்பாட்டு வினையில் ‘டோர்ன்’. ‘டேர்டு டவுன்’ என்று எழுதாதீர்கள்.

பெரிய தவறு பொருளில்தான் நடக்கிறது. தமிழில் இடிந்தது தன்வினை, இடித்தார்கள் பிறவினை. நாம் ஒருபோதும் குழப்பிக்கொள்வதில்லை. ஆங்கிலத்திலும் அதே கவனம் வேண்டும். 2014 ஜூன் 28 அன்று சென்னை மௌலிவாக்கத்தில் 11 மாடிக் கட்டடம் தானாகச் சரிந்தது. அதற்கு ‘கொலாப்ஸ்டு’ என்பதே சொல். ‘டோர்ன் டவுன்’ என்று எழுதினால் யாரோ வேண்டுமென்றே இடித்ததாகிவிடும். 61 பேர் இறந்த ஒரு விபத்தில் அது சாதாரணப் பிழை அன்று. நியூயார்க்கின் பழைய பென்சில்வேனியா ரயில் நிலையத்தை 1963 முதல் இடித்தார்கள். அங்கே ‘வாஸ் டோர்ன் டவுன்’ கச்சிதம். (அந்த இழப்பு கிளப்பிய கோபம்தான், 1965-இல் அந்நகரில் பழைய கட்டடங்களைக் காக்கும் சட்டம் வரப் பெரிய காரணம்.)

வீட்டை உடைத்தார்கள் என்று மனதில் நினைத்து ‘பிரேக் டவுன்’ போடுவதும் பரவலாக இருக்கிறது. பஸ் பழுதாகி நின்றாலோ, ஒருவர் மனமுடைந்து அழுதாலோ அது பொருந்தும். பூட்டிய கதவை உடைத்துத் திறப்பதற்கும் சொல்லலாம். வீட்டை இடிப்பதற்கு ஆகாது. ‘புல் டவுன்’, ‘நாக் டவுன்’ இரண்டும் ஆகும். ஆனால் ஒரு மனிதரை ‘நாக் டவுன்’ செய்தது கார் என்றால், மோதிக் கீழே தள்ளியது என்று பொருள். மனிதரை ‘டேர் டவுன்’ செய்தால், கடுஞ்சொல்லால் மட்டம் தட்டுவது.

சொல் வரிசையையும் கவனியுங்கள். ‘டேர் டவுன் தி வால்’, ‘டேர் தி வால் டவுன்’ இரண்டும் சரி. சுவருக்குப் பதில் ‘இட்’ வந்தால் அது நடுவில்தான் உட்கார வேண்டும்: ‘டேர் இட் டவுன்’. ‘டேர் டவுன் இட்’ என்பது தவறு.

கடிதத்தையோ ஒப்பந்தத்தையோ கிழித்தெறிவது ‘டேர் அப்’. ‘டேர்டவுன்’ என்று ஒரே சொல்லாகச் சேர்த்து எழுதினால் பெயர்ச்சொல். அமெரிக்க வீட்டு விற்பனையில், மனைக்காக மட்டும் வாங்கி இடித்துவிடப்போகும் பழைய வீட்டை அப்படி அழைக்கிறார்கள்.