'குப்பைக்கு எவ்வளவு தருவீர்கள்?' என்று கேட்கப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

குப்பைக் கட்டணம் என்றாலே நம் ஊரில் பேச்சு சூடாகிவிடும். வீடுகளும் கடைகளும் கட்டணம் தர வேண்டும் என்று 2016 திடக்கழிவு மேலாண்மை விதிகளே சொல்லிவிட்டன. சென்னையில் 2021 ஜனவரி முதல் வசூலிப்பதாக அறிவித்து, எதிர்ப்பு வந்ததும் நிறுத்தி வைத்தார்கள். இன்று இல்லாவிட்டாலும் நாளை எல்லா ஊரிலும் இந்தக் கேள்வி வரும். மக்களால் எவ்வளவு தர முடியும் என்று கேட்டுவிட்டுக் கட்டணம் வைப்பதுதான் நியாயம். ஆனால் கேட்கும் விதத்தில் கோட்டை விட்டால் கிடைக்கும் எண்ணால் யாருக்கும் பயனில்லை.

பெரிய தவறு, 0 என்ற பதிலை அப்படியே எழுதிக்கொண்டு நகர்வது. ஒரு கணக்கெடுப்பில் நானும் அதைச் செய்திருக்கிறேன். வாசலில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த ஒரு அம்மா, "வீட்டு வரி கட்டுறோமே, அதுல குப்பை சேராதா? ஒரு பைசா தர மாட்டேன்" என்றார். 0 போட்டுவிட்டுத் திரும்பும்போது அவரே கூப்பிட்டார். "தம்பி, அந்தக் காலி மனையைப் பாருங்க. மழை பெஞ்சா நாத்தத்துல சோறு இறங்க மாட்டேங்குது. ஒரு பையனுக்கு மாசம் அம்பது ரூவா குடுத்து எங்க வீட்டுக் குப்பையை எடுக்கச் சொல்லியிருக்கேன்."

ஏற்கெனவே 50 ரூபாய் தருகிறவரை, எதுவும் தரத் தயாரில்லாதவர் என்று நான் பதிவு செய்திருந்தேன். அவர் மறுத்தது நகராட்சிக்குத் தருவதை. அதனால் 0 சொல்கிற ஒவ்வொருவரிடமும் "ஏன்?" என்று கேளுங்கள். கையில் காசில்லை என்பது ஒரு 0. ஏற்கெனவே வரி கட்டுகிறேன், கொடுத்தாலும் வண்டி வராது என்பது வேறு 0. இரண்டையும் தனித்தனியே எண்ணி, அறிக்கையிலும் தனித்தனியே காட்டுங்கள். கோபத்தில் சொன்னவர்களைச் சத்தமில்லாமல் நீக்கிவிடுவதும் தவறுதான். இப்போது குப்பைக்கு யாருக்காவது பணம் தருகிறீர்களா என்பதையும் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

அடுத்து, 'மேம்பட்ட சேவை' என்ற சொல். ஒருவருக்கு அது தினமும் வரும் வண்டி, இன்னொருவருக்குத் தெருமுனைத் தொட்டியை அகற்றுவது. ஆளுக்கொரு பொருளை மனதில் வைத்துச் சொன்ன விலைகளைக் கூட்டி என்ன பயன்? எத்தனை மணிக்கு வண்டி வரும், வாரத்தில் எத்தனை நாள், பிரித்துக் கொடுத்த மக்கும் குப்பையும் மக்காத குப்பையும் ஒரே வண்டியில் கலக்குமா என்று சொல்லிவிட்டுக் கேளுங்கள். பிரித்து வைத்ததைக் கண்ணெதிரே ஒன்றாகக் கொட்டுவதைப் பார்த்தவர்கள் நிறையப் பேர். அவர்களுக்குக் கடைசிக் கேள்விதான் முக்கியம்.

'எவ்வளவு தருவீங்க?' என்று மொட்டையாகக் கேட்பதும் சரிவராது. சந்தையில் பாதி விலைக்குக் கேட்டுப் பழகியவர்கள் நாம், இங்கும் குறைத்துத்தான் சொல்வோம். "100 ரூபாய் தருவீர்களா, சரி 80?" என்று இறங்கி வந்தால் முதலில் சொன்ன 100 மனதில் ஒட்டிக்கொள்ளும். அலாஸ்காவில் 1989-ல் நடந்த எக்ஸான் வால்டெஸ் எண்ணெய்க் கசிவுக்குப் பிறகு, பொருளாதார அறிஞர்கள் கென்னத் ஆரோ, ராபர்ட் சோலோ தலைமையிலான குழு, 'எவ்வளவு தருவீர்கள்?' என்று மக்களிடம் கேட்கும் இத்தகைய ஆய்வுகளைப் பரிசீலித்தது. ஒரு தொகையைச் சொல்லி 'ஆம், இல்லை' என்று மட்டும் பதில் வாங்குங்கள், அந்தப் பணம் வேறு செலவில்தான் குறையும் என்று நினைவூட்டுங்கள் என்று 1993-ல் பரிந்துரைத்தது. ஒரு வீட்டில் 30 ரூபாய், அடுத்த வீட்டில் 60 என்று தொகையைக் குலுக்கிப் போட்டுக் கேட்க வேண்டும்.

பணம் யார் கைக்குப் போகும் என்பதைச் சொல்லாமல் விடுவதும் தவறு. கேரளப் பஞ்சாயத்துகளில் ஹரித கர்ம சேனைப் பெண்கள் வீட்டுக்கே வந்து மக்காத குப்பையை வாங்கிக்கொண்டு மாதம் 50 ரூபாய் பெறுகிறார்கள். வேலையும் கட்டணமும் ஒரே ஆளிடம் தெரிகிறது. அதே 50 ரூபாய் சொத்து வரியோடு சேர்ந்து வந்தால் வாடகை வீட்டுக்காரர் வேறு பதில் சொல்வார். அவருக்கு அது வாடகை உயர்வாகத்தான் வந்து சேரும்.

அப்புறம் சில சின்ன விஷயங்கள். வார நாள் பகலில் மட்டும் போனால் வேலைக்குப் போகிறவர்கள் விடுபடுவார்கள். குப்பையை யார் வெளியே கொண்டுபோய் வைக்கிறார் என்று கேட்டு அவரிடமும் பேசுங்கள். 500 ரூபாய்க்கும் 'ஆம்' சொல்லும் இரண்டு வீடுகளே சராசரியை ஏற்றிவிடும் என்பதால், பாதி வீடுகள் ஒப்புக்கொள்ளும் தொகை எது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.