அல்பராசின் போகிறீர்களா? காரைக் கீழேயே விட்டுவிடுங்கள்

ஸ்பெயினின் தெருவேல் நகரிலிருந்து முக்கால் மணி நேரக் கார் பயணம். கடல்மட்டத்துக்கு 1,100 மீட்டருக்கும் மேலே, குவாதலவியார் ஆறு வளைந்தோடும் பாறையில் தொற்றிக்கொண்டிருக்கிறது அல்பராசின் என்ற சிற்றூர். பஸ் குறைவு, வாடகைக் கார்தான் வசதி. ஆனால் மேப் வழி காட்டுகிறதே என்று பழைய ஊருக்குள் காரை ஏற்றாதீர்கள். சில சந்துகளில் எதிரெதிர் வீட்டுக் கூரைகள் கிட்டத்தட்ட முட்டிக்கொள்ளும். அடிவாரத்தில் நிறுத்திவிட்டு நடங்கள். கூழாங்கல் பாதை என்பதால் வழுக்காத ஷூ அவசியம், செருப்பு சரிப்படாது.

மதியம் 2 முதல் 5 வரை கடைகள் பெரும்பாலும் மூடியிருக்கும். அந்த நேரத்தில் சாப்பாட்டை முடித்துக்கொள்வது நல்லது, ஏனென்றால் ராத்திரிச் சாப்பாடு எட்டரைக்கு முன் கிடைப்பது கஷ்டம். சைவக்காரர்கள் கவனிக்க: தெருவேல் பக்கம் ஹமோன் எனப்படும் உப்புக்கண்டப் பன்றித்தொடைக்குப் பேர்போனது. "இறைச்சி வேண்டாம்" என்றால் மட்டும் போதாது. அங்கே ஹமோன் பலருக்கு இறைச்சிக் கணக்கிலேயே வராது! "சின் கார்னே, சின் ஹமோன்" (இறைச்சி இல்லாமல், ஹமோன் இல்லாமல்) என்று இரண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

வெயில் தாழ்ந்ததும் ஊரின் பழைய மதிலை ஒட்டி ஏறி அந்தாதோர் காவல் கோபுரம் வரை போய்ப் பாருங்கள். செம்மண் நிறச் சாந்து பூசிய வீடுகள் அப்போதுதான் பற்றி எரிவதுபோல் தெரியும். மூச்சு வாங்கும்தான், பரவாயில்லை. இறங்கும்போது கதவுகளைக் கவனியுங்கள், சிலவற்றில் தட்டும் இரும்புப் பிடிகள் பல்லி வடிவத்தில் இருக்கும்.