அமெரிக்கச் சரக்கு விமான நிறுவனங்களில் விமானி வேலை: விண்ணப்பம் முதல் நேர்காணல் வரை

அமெரிக்காவில் சரக்கு விமானம் ஓட்ட விரும்பும் புதிய விமானிகள் முதலில் கேட்பது, ‘எத்தனை மணி நேரம் பறந்திருக்க வேண்டும்?’ என்பதைத்தான். அதற்கான விடை சட்டத்திலேயே தெளிவாக இருக்கிறது. என் கணிப்பில், நேர்காணலின் முடிவைத் தீர்மானிப்பது மணிக்கணக்கு அன்று. தன்னுடைய பழைய பதிவுகளைப் பற்றி ஒருவர் எப்படிப் பேசுகிறார் என்பதே.

படி 1: எந்த வாசல் என்று முடிவு செய்தல்

சரக்குத் துறையில் நுழைய இரண்டு வாசல்கள் உண்டு. ஃபெட்எக்ஸ், யூபிஎஸ், அட்லஸ் ஏர், கலிட்டா போன்ற பெரிய நிறுவனங்கள், அமெரிக்க விமானப் போக்குவரத்து விதிகளில் ‘பார்ட் 121’ எனப்படும் பகுதியின்கீழ் பெரிய ஜெட் விமானங்களை இயக்குகின்றன. இவற்றுக்குச் சிற்றூர்களிலிருந்து பொதிகளைக் கொண்டுவந்து சேர்க்கும் சிறிய நிறுவனங்கள் பெரும்பாலும் ‘பார்ட் 135’ விதிகளின்கீழ் வருகின்றன. ஒற்றை எஞ்சின் செஸ்னா கேரவனில் தனி ஆளாக, மழையிலும் பனியிலும், துணை விமானியின் உதவியின்றிப் பறக்கும் வேலை அது. தொடக்கநிலையில் இருப்பவருக்கு இந்த இரண்டாவது வாசலே எளிதில் திறக்கும். அங்கே கிடைக்கும் பயிற்சியைக் குறைத்து மதிப்பிட வேண்டாம்.

படி 2: தகுதிகளைச் சரிபார்த்தல்

மேகத்துக்குள் கருவிகளை மட்டும் நம்பிப் பறக்கும் ஐ.எஃப்.ஆர். முறையில், பார்ட் 135 விமானத்துக்குத் தலைமை வகிக்க மொத்தம் 1200 மணி நேரம் தேவை. அதில் 500 மணி நேரம் ஊர்விட்டு ஊர் செல்லும் பறப்பாகவும், 100 மணி நேரம் இரவுப் பறப்பாகவும், 75 மணி நேரம் கருவிப் பறப்பாகவும் இருக்க வேண்டும். பார்ட் 121 நிறுவனத்தில் துணை விமானியாக அமர்வதற்கே ஏ.டி.பி. எனப்படும் உயர்நிலை விமானி உரிமம் வேண்டும், அதற்கு 1500 மணி நேரமும் 23 வயதும் அடிப்படை. ராணுவ விமானிகளுக்கு 750 மணி நேரத்திலும், அங்கீகரிக்கப்பட்ட விமானவியல் பட்டம் பெற்றவர்களுக்கு 1000 மணி நேரத்திலும், 21 வயதிலேயே, வரம்புக்கு உட்பட்ட ஏ.டி.பி. கிடைக்க வழியுண்டு. இவற்றோடு முதல் வகுப்பு மருத்துவச் சான்று, கடவுச்சீட்டு, அமெரிக்காவில் வேலை செய்வதற்கான சட்டபூர்வ உரிமை ஆகியவற்றையும் கையில் வைத்திருங்கள். இவை சட்டம் வகுத்த கீழ்வரம்புகள் மட்டுமே. ஆள் தட்டுப்பாட்டுக்கு ஏற்ப நிறுவனங்கள் தம் எதிர்பார்ப்பை உயர்த்தும், இறக்கும்.

படி 3: பறப்புப் பதிவேட்டை ஒழுங்கு செய்தல்

நேர்காணல் நடத்துபவர்கள் பதிவேட்டின் ஏதோவொரு பக்கத்தைத் திறந்து, ‘இந்தப் பயணத்தைப் பற்றிச் சொல்லுங்கள்’ என்று கேட்பது வழக்கம். விண்ணப்பத்தில் எழுதிய கூட்டுத்தொகையும் பதிவேட்டின் கூட்டுத்தொகையும் ஒத்துப்போகவில்லை என்றால், அது கணக்குப் பிழையா பொய்யா என்று அவர்களுக்குப் பிரித்தறிய முடியாது. ஒவ்வொரு பக்கத்தையும் மறுபடி கூட்டிப் பாருங்கள். பிழை இருந்தால் அழிக்காமல் ஒரு கோடிட்டு, அருகில் திருத்தத்தை எழுதிக் கையொப்பமிடுங்கள். உரிமத் தேர்வுகள் பதிவான பக்கங்களில் அடையாளச் சீட்டு ஒட்டுவது நல்லது. தேடிக் கண்டுபிடிக்கும் வேலையை எதிரில் இருப்பவருக்குக் கொடுக்க வேண்டாமே.

படி 4: தோல்விகளை எழுதி வைத்தல்

இந்தப் படியில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும்.

2009 பிப்ரவரியில் பஃபலோ நகருக்கு அருகே விழுந்த கோல்கன் ஏர் பயணிகள் விமானத்தின் கேப்டன், தன் உரிமத் தேர்வுத் தோல்விகள் அனைத்தையும் வேலை விண்ணப்பத்தில் சொல்லியிருக்கவில்லை. அந்த விபத்தைத் தொடர்ந்து 2010இல் வந்த சட்டத்திலிருந்தே 1500 மணி நேர விதி பிறந்தது. ஆனால் அந்த விமானத்தின் இரு விமானிகளும் 1500 மணி நேரத்துக்கு மேல் பறந்தவர்கள் என்பதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும். அதே சட்டம், விமானிகளின் பதிவுகளை ஒரே இடத்தில் திரட்டும் தரவுத்தளம் ஒன்றையும் உருவாக்கச் சொன்னது. அது தாமதமாகிக்கொண்டே போனது. 2019 பிப்ரவரி 23 அன்று, அமேசானுக்காகச் சரக்கு ஏற்றிவந்த அட்லஸ் ஏர் 767 விமானம் ஹூஸ்டனை நெருங்கும்போது டிரினிட்டி வளைகுடாவில் விழுந்து மூவர் இறந்தனர். துணை விமானி முந்தைய நிறுவனங்களில் பயிற்சியில் தோற்றதை மறைத்திருந்தார் என்று விசாரணையில் வெளிப்பட்டது. ஆளெடுக்கும் முறையின் குறைகளையும், தரவுத்தளம் வராத தாமதத்தையும் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் பங்களித்த காரணங்களாகக் குறிப்பிட்டது. தரவுத்தளத்துக்கான இறுதி விதி 2021இல் வெளியானது.

ஆகவே, நீங்கள் சொல்லாவிட்டாலும் அவர்களுக்குத் தெரிந்துவிடும். விமானிகள் செக்ரைடு என்று அழைக்கும் தேர்வுகளில் எத்தனை தோல்வி, எந்தப் பகுதியில், எந்த மாதத்தில் என்று ஒரு தாளில் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் மூன்று வாக்கியம் போதும்: என்ன தவறு செய்தேன், எப்படிச் சரிசெய்தேன், பிறகு அதே பகுதி எப்படிப் போயிற்று. தேர்வாளர் கடுமையானவர், அன்று காற்று அதிகம் என்று தொடங்கும் விடைகள் தோல்வியைவிடப் பெரிய சேதத்தை உண்டாக்கும்.

படி 5: தொழில்நுட்பக் கேள்விகளுக்குத் தயாராதல்

தரையிறங்கு வரைபடத்தை விளக்குதல், வானிலை அறிக்கையை வாசித்தல், மனக்கணக்கு ஆகியவை அடிக்கடி வருபவை. எடுத்துக்காட்டாக, 35,000 அடியில் இருக்கும் நீங்கள் ஓரிடத்தை 11,000 அடியில் கடக்க வேண்டும் என்றால் எங்கே இறங்கத் தொடங்குவீர்கள்? இழக்க வேண்டியது 24,000 அடி. ஆயிரம் அடிக்கு மூன்று கடல் மைல் என்று வைத்தால் 72 மைல். தரைவேகம் 420 நாட் (மணிக்கு 420 கடல் மைல்) என்றால் அதை ஐந்தால் பெருக்கி, நிமிடத்துக்கு 2100 அடி வீதம் இறங்கலாம். வேகத்தைக் குறைக்கச் சில மைல்களைக் கூடுதலாக ஒதுக்குவதாகவும் சொல்லுங்கள்.

சரக்குக்கே உரிய கேள்விகளும் உண்டு. 2010 செப்டம்பரில் துபாயில் விழுந்த யூபிஎஸ் 747 விமானத்தில் தீப்பிடித்த சரக்கில் லித்தியம் மின்கலங்கள் இருந்தன. 2013 ஏப்ரலில் ஆப்கானிஸ்தானின் பக்ராமில் விழுந்த நேஷனல் ஏர்லைன்ஸ் 747 விமானத்தில், சரியாகக் கட்டப்படாத கவச வாகனம் பின்னோக்கி நகர்ந்தது. ஆபத்தான பொருள்களின் பட்டியலில் கேப்டன் எதைப் பார்க்க வேண்டும், எடைச் சமநிலை பின்னோக்கிச் சென்றால் விமானம் எப்படி நடந்துகொள்ளும் என்பவற்றைப் படித்துச் செல்லுங்கள்.

படி 6: அனுபவக் கேள்விகள்

‘கேப்டனோடு கருத்து வேறுபட்ட ஒரு சமயத்தைச் சொல்லுங்கள்’ என்பது போன்றவை இவை. உண்மையில் நடந்த ஐந்தாறு நிகழ்ச்சிகளை வீட்டிலேயே வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். உங்களையே வீரனாக்கும் கதைகளை விட்டுவிட்டு, தவறை உணர்ந்து திரும்பியதையும், பறக்க மறுத்ததையும் சொல்லுங்கள்.

சிமுலேட்டர் தேர்வு எல்லா நிறுவனங்களிலும் இல்லை. இருந்தால், நேர்த்தியான கைத்திறனைவிட, பிழை நேர்ந்தவுடன் அதைச் சொல்லித் திருத்துகிறீர்களா என்பதே கவனிக்கப்படும்.

படி 7: நீங்கள் கேட்க வேண்டியவை

2014 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த புதிய ஓய்வு விதிகள் பயணிகள் விமானிகளுக்கு மட்டுமே கட்டாயம். சரக்கு விமானிகள் அதில் சேர்க்கப்படவில்லை. எனவே தொடர்ச்சியாக எத்தனை இரவுகள் பணி, விமானங்களுக்கு இடையே உறங்க இடம் உண்டா, எந்த ஊர் உங்கள் தளம், பாதியில் விலகினால் பயிற்சிச் செலவைத் திருப்பித் தர வேண்டுமா என்று தயங்காமல் கேளுங்கள். வேலை உறுதி என்று தொலைபேசியில் சொன்னாலும், போதைப்பொருள் பரிசோதனை முடிவும் பயிற்சி தொடங்கும் நாளும் எழுத்தில் வரும்வரை இப்போதைய வேலையிலிருந்து விலக வேண்டாம்.