டெக்சாஸுக்குப் புதிதாக வந்திருக்கிறீர்களா? கடை வாசல் போர்டைப் படித்துவிட்டு உள்ளே போங்கள்

டாலஸ், ஹூஸ்டன், ஆஸ்டின் பக்கம் வேலைக்கோ படிப்புக்கோ வரும் நம்மவர்களுக்கு வீடு பிடிப்பது, டிரைவிங் லைசென்ஸ் எடுப்பது எல்லாம் சொல்லிக்கொடுக்க ஆள் இருக்கிறது. துப்பாக்கியைப் பற்றி மட்டும் யாரும் உட்கார வைத்துச் சொல்வதில்லை. ஊரில் போலீஸிடமும் வங்கிக் காவலாளியிடமும் மட்டுமே அதைப் பார்த்துப் பழகியவர், குடும்பத்தோடு சாப்பிடப் போன இடத்தில் பக்கத்து மேசைக்காரரின் இடுப்பில் பார்த்தால் கலங்கத்தான் செய்வார். சட்டம் தெரிந்திருந்தால் அந்தக் கலக்கம் பாதி குறையும்.

இங்கே 2016 ஜனவரி 1 முதல், உரிமம் பெற்றவர்கள் கைத்துப்பாக்கியை வெளியே தெரியும்படி எடுத்துச் செல்லலாம் என்றானது. 2021 செப்டம்பர் 1 முதல் அந்த உரிமமும் கட்டாயமில்லை. துப்பாக்கி வைத்திருக்கச் சட்டத் தடை இல்லாதவராக இருந்தால் போதும். ஆனால் வெளியே தெரிகிற துப்பாக்கி உறைக்குள்தான் இருக்க வேண்டும்.

மது விற்கும் இடங்களில்தான் பலருக்கும் குழப்பம். மது இருந்தாலே துப்பாக்கிக்குத் தடை என்று நினைத்துவிடுகிறோம். அப்படி இல்லை. ஒரு கடையின் வருமானத்தில் 51 சதவீதமோ அதற்கு மேலோ, அங்கேயே உட்கார்ந்து குடிக்கும் மதுவிலிருந்து வந்தால்தான் அந்தத் தடை. எந்தக் கடை அந்தக் கணக்கில் வருகிறது என்பதை மாநில மதுபான ஆணையம் முடிவு செய்யும். வந்தால், பெரிய சிவப்பு எழுத்தில் '51%' என்ற போர்டு வாசலில் இருக்கும். அங்கே உரிமம் வைத்திருப்பவரும் துப்பாக்கியோடு நுழையக் கூடாது. நுழைந்தால் பெருங்குற்றம், 2 முதல் 10 ஆண்டு வரை சிறை. பார்கள் பெரும்பாலும் இந்த வகை. பிரியாணியோடு பீரும் தரும் உணவகம் இதில் வராது, ஏனென்றால் அதன் வருமானம் சாப்பாட்டில்தான். பீரும் வைனும் விற்கும் சூப்பர் மார்க்கெட்டும் வராது. பாட்டிலாக வாங்கிக்கொண்டு போகும் மதுக்கடைகூட வராது, அங்கே யாரும் உட்கார்ந்து குடிப்பதில்லையே.

அந்த மாதிரி இடங்களில் முடிவு கடைக்காரர் கையில். வெளியே தெரியும் துப்பாக்கி வேண்டாம் என்றால் '30.07' என்ற எண் போட்ட போர்டை ஒவ்வொரு வாசலிலும் வைப்பார். '30.06' என்பது மறைத்து வைத்திருப்பதற்கு. இரண்டும் உரிமம் உள்ளவர்களுக்கானவை. உரிமம் இல்லாமல் எடுத்துவருபவர்களுக்கு '30.05'. ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும் எழுதியிருக்கும். போர்டு இல்லாவிட்டாலும் வாயால் சொன்னாலே போதும், வந்தவர் வெளியேற வேண்டும். குழந்தைகளோடு போகும்போது நான் 30.07 உள்ள கடையாகப் பார்த்துத்தான் போகிறேன். அது என் விருப்பம்; உங்களுக்கும் அந்த உரிமை உண்டு.

உறைக்குள் துப்பாக்கியோடு ஒருவர் அமைதியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தால், அதற்காக மட்டும் 911 என்ற அவசர உதவி எண்ணை அழைக்காதீர்கள். முறைத்துப் பார்க்கவோ படம் எடுக்கவோ வேண்டாம். மனசு ஒப்பவில்லையா, மேனேஜரிடம் மெல்லச் சொல்லுங்கள், அல்லது எழுந்து வந்துவிடுங்கள். உறையிலிருந்து வெளியே எடுத்தால், அதைக் காட்டி மிரட்டினால், முதலில் வெளியேறுங்கள், பிறகு 911. போதையில் துப்பாக்கியோடு பொது இடத்தில் இருப்பதும் குற்றம்தான். அவர் தள்ளாடுவது தெரிந்தால் தயங்காமல் கூப்பிடுங்கள்.

இனி சொல்லப்போவதை இரண்டு முறை படியுங்கள். டெக்சாஸ் சட்டம் எவ்வளவு தாராளமாக இருந்தாலும், எச்1பி, எச்4, எல்1, எஃப்1 போன்ற தற்காலிக விசாவில் வந்தவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை மத்தியச் சட்டம் தடை செய்கிறது. 15 ஆண்டு வரை சிறை கிடைக்கலாம். நாடு கடத்தவும் செய்வார்கள். ஐ-140 (கிரீன் கார்டுக்காக நிறுவனம் போடும் மனு) ஒப்புதல் வந்துவிட்டது, கிரீன் கார்டு வரிசையில் நிற்கிறேன் என்பதெல்லாம் இதை மாற்றாது. கிரீன் கார்டு கைக்கு வந்த பிறகே இந்தத் தடை நீங்கும். செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் உண்டு. ஆனால் நண்பர் சொன்னார் என்று அதை நம்பி இறங்காதீர்கள், குடிவரவு வழக்கறிஞரிடம் கேளுங்கள்.

ஆபீஸ் நண்பர்கள் வார இறுதியில் ஷூட்டிங் ரேஞ்சுக்குக் கூப்பிடுவார்கள். வாடகைத் துப்பாக்கியைக் கையில் எடுப்பதும் வைத்திருப்பதாகவே கருதப்படலாம். "எனக்கு விசாவில் அனுமதி இல்லை" என்று நேராகச் சொல்லிவிடுங்கள், இங்குள்ளவர்கள் அதைத் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. பாருக்குள் போகும் நண்பர், "இதைக் கொஞ்சம் உன் காரில் வைத்துக்கொள்" என்று தன் துப்பாக்கியை நீட்டினாலும் வாங்காதீர்கள். பூட்டித் தன் காரிலேயே வைத்துவிட்டு வரட்டும்.